தகரக் குவளையும் நிலக்கரியும்

காளிகாட்டிலும் அதனை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் நம்மவர்க்கு, வங்கத்தார் 'கௌட்டோ' என்று வழங்கும் தகரக் குவளை புதிதன்று. தெருமுனையில் தொண்டர்கள் அதனைக் குலுக்கிக் கட்சிக்கோ போராட்டத்திற்கோ நிதி திரட்டுவர். அத்தகைய உதவி ஒன்றின் வரலாற்றையே 2014-இல் வெளிவந்த 'பிரைட்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் கூறுகிறது. இயக்கியவர் மாத்யூ வார்ச்சஸ்.

1984 மார்ச்சில், நிலக்கரிச் சுரங்கங்கள் பலவற்றை மூடும் திட்டத்தை எதிர்த்துப் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். தாச்சர் அம்மையாரின் அரசு சற்றும் இளகவில்லை. நீதிமன்ற ஆணையால் தென் வேல்ஸ் சங்கத்தின் நிதியும் முடங்கியது. எனவே சங்கத்தை நம்பாது, சுரங்க ஊர்களுக்கே நேராகப் பொருளனுப்பும் ஆதரவுக் குழுக்கள் எழுந்தன.

அவற்றுள் ஒன்று தன்பாலீர்ப்பாளர்களின் குழு. மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்னும் இளைஞர் இருவர் அவ்வாண்டு ஜூனில் தம்மவர் நடத்திய லண்டன் ஊர்வலத்திலேயே வாளியேந்திச் சுரங்கத்தாருக்குக் காசு திரட்டினர். காவலரின் தடியையும் நாளேடுகளின் வசையையும் தாங்கள் பட்டறிந்தவர்கள். இப்போது அவை சுரங்கத்தார் மீது பாய்ந்ததைக் கண்டனர். வேறு காரணம் வேண்டுமா?

உதவி சென்ற இடம் வேல்ஸ் நாட்டின் துலைஸ் பள்ளத்தாக்கு. குழுவினர் அங்கே சென்று சுரங்கக் குடும்பத்தாரின் வீடுகளிலேயே தங்கினர். டிசம்பர் 10 அன்று லண்டன் காம்டன் பகுதியில் நிதிக்காக ஓர் இசைவிழா நடத்தினர். 'சுரங்கக் குழிகளும் நெறிகெட்டோரும்' என்பது அதன் பெயர். தம்மேல் எறியப்பட்ட வசைச்சொல்லையே விழாவுக்குச் சூட்டிக்கொண்டனர். ஆங்கிலத்தில் மோனையோடு ஒலிக்கும் அப்பெயரின் கேலி, மொழிபெயர்ப்பில் பாதி கரைந்துவிடுகிறது. அத்தொழில் செய்வோர்க்கு இது பழகிய துன்பமே. அவ்விழாவில் பள்ளத்தாக்கின் சார்பில் பேசிய டாய் டோனோவன், எங்கள் சின்னத்தை நீங்கள் அணிந்தீர்கள், இனி உங்கள் சின்னத்தை நாங்கள் அணிவோம் என்னும் கருத்துப்பட உரைத்தார்.

1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சொன்ன சொல் தோற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாத ஊர்வலத்தில் வேல்ஸ் சுரங்கத்தார் தங்கள் சங்கக் கொடியுடன் வந்து நடந்தனர். தொழிற்கட்சியின் மாநாட்டில் தன்பாலீர்ப்பாளரின் உரிமைக்கான தீர்மானம் நிறைவேறவும் சுரங்கச் சங்கத்தின் வாக்கு துணைநின்றது. ஆஷ்டன் 1987-இல், தம் 26-ஆம் வயதில் மறைந்தார். அவர் இளம் கம்யூனிஸ்ட் கழகத்தின் பொதுச்செயலாளராகவும் இருந்தவர். திரைப்படமோ அவரது அரசியலை மேலோட்டமாகவே தொட்டுச் செல்கிறது. அரசியலையே தேநீரோடு பருகும் இந்நகரத்தார்க்கு அது பெருங்குறையாகப் படும்.

இந்நகரிலும் அத்தகைய ஊர்வலம் ஒன்று உண்டு. 1999 ஜூலை 2 அன்று 15 பேர் 'நட்பு நடை' என்னும் பெயரில் கல்கத்தாத் தெருக்களில் நடந்தனர். இந்தியாவில் இவ்வகையில் முதன்மையானது அதுவே. அந்நாளில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அவர்கள் தலைக்குமேல் தொங்கியது. அச்சட்டத்தை நமக்கு எழுதித் தந்த பிரிட்டன், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967-இலேயே தன் பழைய தடையைப் பெரிதும் தளர்த்திவிட்டிருந்தது. இங்கோ, உடன்பட்ட வயதுவந்தோரின் உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். அந்தப் பதினைவர் நடந்து அதற்குள் 19 ஆண்டுகள் கடந்திருந்தன.