பனி தாங்கும் மரமும் அதன் பெயரும்

பிரித்தானிய வீட்டு வளவுகளில் இன்று பெருவழக்காக நடப்படும் யூக்கலிப்டஸ் இனம் ஒன்றுண்டு. தாவரவியலார் அதனை யூக்கலிப்டஸ் கன்னியை என்பர். நமது மலைநாட்டிற் காற்றுத் தடுப்பாகவும் விறகாகவும் வளர்க்கப்படும் யூக்கலிப்டஸ் இனங்களுக்கு இது உறவே. ஆயினும் உறைபனிக்கு அஞ்சாதது. நீர் உறையும் நிலைக்குக் கீழே 14 பாகை செல்சியஸ் வரை குளிர் இறங்கினும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தண்டு கருகினாலும் அடியிலுள்ள வீங்கிய கட்டையிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். இதனை அறிந்த தோட்டக்காரர் ஆண்டுதோறும் அதனை அடியோடு வெட்டிவிடுகின்றனர். நாணயம்போல் வட்டமான, நீலம் பூத்த இளம் இலைகள் மீண்டும் மீண்டும் கிடைக்கின்றன. பூக்கடைக்காரர் விரும்புவதும் அவ்விலைகளையே. வெட்டாது விட்டாலோ, அயல்வீட்டார் முறையிடும்வரை வளர்ச்சி ஓயாது.

இம்மரத்தின் பெயருக்குரியவர் றொனால்ட் கம்பல் கன். 1856 இல் தஸ்மேனியா எனப் பெயர் மாறிய வான் டீமன் நிலத்துக்கு 1830 இல் வந்து, லோன்செஸ்டனிற் கைதிகளைக் கண்காணிக்கும் உத்தியோகம் பார்த்துப் பின்னர் பொலிஸ் நீதவானானவர். ஓய்வு நேரங்களிற் செடிகொடிகளைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1844 இல் ஜோசப் ஹூக்கர் இம்மரத்தை விவரித்து நண்பரின் பெயரைச் சூட்டினார். கன்னின் உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால், அவருக்கு முன் இம்மரத்தின் அருமையை அறிந்தவர் எவருமே இருந்திலரா?

இருந்தனர். தீவின் நடுமேட்டு நிலத்தில் வாழ்ந்த மக்கள் இதன் அடிமரத்திலே துளையிடுவர். இனிய சாறு வழிந்து கீழேயுள்ள குழியிலே தேங்கும். விலங்குகள் அண்டாதவாறு தட்டைக் கல்லால் மூடிவைப்பர். தானாகவே நொதித்து மென்மையான மதுவாகும். பனங்கள்ளின் இயல்பறிந்த நமக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை.

இதனை 1831 இல் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தவர் ஜோர்ஜ் ஒகஸ்டஸ் றொபின்சன். அவர் மேட்டுநிலத்துக்குச் சென்றது மரம் பார்க்கவன்று. 1830 இல் ஆளுநர் ஆதரின் அரசு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வரிசையாக நிறுத்தித் தீவைச் சலித்தும், மக்களைப் பிடிக்கும் முயற்சி ஏறக்குறைய வெறுங்கையோடு முடிந்தது. படையால் முடியாததைப் பேச்சால் முடிக்க றொபின்சன் நடந்தார். 1831 இன் இறுதியில் அம்மேட்டுநில மக்களும், அவர்களோடு சேர்ந்திருந்த ஒயிஸ்டர் குடாப் பகுதியினருமாக எஞ்சியோர் 26 பேரைச் சந்தித்தார். 1832 ஜனவரியில் அவர்களை ஹோபாட் நகருக்கு அழைத்துவந்தார். அடுத்தது பிளின்டர்ஸ் தீவு. அங்கே நோயிற் பலர் மடிந்தனர். 1847 இல் மீளக் கொண்டுவரப்பட்டபோது, பல குலத்தாரும் சேர்ந்து 47 பேரே இருந்தனர். அவர்கள் குடியமர்த்தப்பட்டதும் மேட்டுநிலத்திலன்று, ஹோபாட்டுக்குத் தெற்கே கடலோரத்தில்.

அவ்வினம் முற்றாக அழிந்துவிட்டதென நெடுங்காலம் நூல்கள் எழுதின. வகுப்பறையில் நாமும் அவ்வாறு சொன்னதுண்டு. அது தவறு. வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அம்மதுவைத் தம் முன்னோரின் உரிமையாக நினைவுகூருகின்றனர்.

மரத்தின் நிலைதான் கவலைக்குரியது. மேட்டுநிலத்தில் மியெனாவை அண்டி வளரும் கிளையினம் வறட்சியாற் பெருமளவு பட்டுப்போய், அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. இங்கிலாந்தின் நாற்றுக் கடைகளிலோ, கன்னின் பெயர் எழுதிய சட்டிகளில் அதன் உறவுகள் செழித்து நிற்கின்றன.