கட்டடத்திலிருந்தே பங்கு: கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் உருவான வரலாறு

சாரம் சரிந்து ஒரு சித்தாள் விழுந்து இறந்தால் இழப்பீடு தரவேண்டியவர் யார்? முதலாளி என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். கட்டுமானத் தொழிலில் அந்த முதலாளியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவார், அவர் உள் ஒப்பந்தக்காரரை, அவர் மேஸ்திரியை. மேஸ்திரியோ காலையில் ஆள் நிற்கும் சந்திப்பிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தவர். நாளைக்கு அதே ஆட்கள் வேறொரு மேஸ்திரியிடம் போவார்கள். வருகைப் பதிவேடு என்று ஒன்று இருக்காது.

சுதந்திர இந்தியா உருவாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் இந்த ஆட்களை மனதில் வைத்து எழுதப்படவில்லை. 1948-இல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1952-இல் வந்த வருங்கால வைப்புநிதிச் சட்டமும் ஒரே வாசல், ஒரே முதலாளி, நிரந்தர ஆட்கள் என்ற ஆலையை அளவாகக் கொண்டவை. அந்த அளவுக்குள் அடங்காதவர்கள் தங்கள் பாதுகாப்புக்கான பணத்தை எங்கிருந்து கேட்பது? தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் அதற்குக் கண்ட விடை, முதலாளியைத் தேடி அலையாமல் கட்டடத்திடமே கேட்பது. நாட்டின் அமைப்புசாராத் தொழிலாளர் இயக்கம் அளித்த மிக முக்கியமான சிந்தனை இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தச் சிந்தனை சட்டமான கதையையும், சட்டமான பிறகும் அது எங்கே தடுக்கி நின்றது என்பதையும் இங்கே பார்ப்போம்.

முன்மாதிரி மும்பையிலிருந்து வந்தது. சந்தைகளிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கும் மாத்தாடி தொழிலாளர்கள் அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் போராடி 1969-இல் ஒரு தனிச்சட்டம் பெற்றார்கள். ஆளை அமர்த்துபவரும் வேலை செய்பவரும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கூலியும் அதன்மேல் ஒரு தீர்வையும் வாரியத்துக்குச் செலுத்தப்படும். பல முதலாளிகளிடம் மாறி மாறி உழைப்பவருக்கு வாரியம் நிலையான முகவரி ஆனது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நிறைவேறிய 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இந்த வழியில் வந்ததே.

ஆனால் சட்டம் வந்தும் வாரியம் வரவில்லை. 1982-க்கும் 1994-க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளை வரலாறு எழுதுபவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சங்கம் பரவி வலுப்பட்டது அந்த ஆண்டுகளில்தான். கட்டுமானத் தொழிலாளர் சங்கம் 1979-இல் தொடங்கியது. ஆலை வாசலில் கொடி நட்டு ஆள் சேர்க்க இங்கே வழியில்லை. அதனால் ஆள் நிற்கும் சந்திப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும் தெருத்தெருவாகக் கிளைகள் தொடங்கினார்கள். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், வண்ணம் பூசுபவர் எல்லாரும் ஒரே உறுப்பினர் அட்டைக்குள் வந்தார்கள். தொழிலில் பெரும் பங்கு பெண்கள் என்பதால் ஊர்வலங்களிலும் அவர்களே நிறைந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஆர். கீதா போன்றவர்கள் வளர்ந்து வந்த இயக்கம் இது. 1985-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரைத் தலைவராகக் கொண்டு கட்டுமானத் தொழிலாளருக்கான தேசிய பிரச்சாரக் குழு அமைந்தது. மத்தியத் தொழிலாளர் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்ற டி.எஸ். சங்கரன் அதில் முக்கியப் பங்கு வகித்தார். சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று கோரிக்கை மட்டும் வைக்காமல், வரைவையே எழுதி நாடாளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பினார்கள். 1989-இல் கேரளம் தனக்கென ஒரு நலநிதிச் சட்டம் இயற்றிக்கொண்டது.

1994-இல் ஜெயலலிதா ஆட்சியில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது. அதன் உயிர்நாடி நிதி திரட்டும் முறை. வீடோ கடையோ கட்ட விரும்புபவர் வரைபட அனுமதிக்காக உள்ளாட்சி அலுவலகத்துக்கு எப்படியும் போயாக வேண்டும். மதிப்பிட்ட கட்டுமானச் செலவில் 0.3 சதவீதத்தை அங்கேயே செலுத்தச் சொன்னது திட்டம்; விகிதம் பின்னாளில் 1 சதவீதமானது. முப்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு 30,000 ரூபாய். யார் எத்தனை நாள் வேலை செய்தார், எந்த மேஸ்திரி கூட்டி வந்தார் என்ற கேள்விகளுக்கு இதில் இடமே இல்லை. கட்டடம் எழும்பினால் நிதி வரும். அனுமதி கொடுக்கும் மேசையிலேயே வசூலும் நடப்பதால் தனியாகத் தண்டல் படை தேவைப்படவில்லை. விபத்து மரணம், ஈமச்சடங்கு, மகப்பேறு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், 60 வயதில் மாத ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அந்த நிதி போனது. 1999-இல் கருணாநிதி ஆட்சியில் உடலுழைப்புத் தொழிலாளர் வாரியமும், தொடர்ந்து தையல், சலவை, முடிதிருத்தம், ஆட்டோ எனப் பல வாரியங்களும் வந்தன. 2007-இல் வீட்டுப் பணியாளர்களும் ஒரு வாரியம் பெற்றார்கள். ஆனால் வீட்டு வேலைக்கு வரைபட அனுமதி கிடையாது. கட்டடம்போல் கேட்டவுடன் பங்கு தரும் ஊற்று இல்லாத வாரியங்கள் அரசின் மானியத்தையே நம்பி நின்றன, இன்றும் நிற்கின்றன.

1996 ஆகஸ்டில் மத்தியச் சட்டங்கள் இரண்டு வந்தன. ஒன்று வேலை நிலைமைகளுக்கு, மற்றொன்று 1 முதல் 2 சதவீதம் வரையிலான தீர்வைக்கு. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் கட்டுமான வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்கு உட்பட்ட எவரும் பதிவு செய்யலாம் என்றது சட்டம். சிக்கல் அந்த 90 நாளில் இருந்தது. அதற்குச் சான்று கொடுப்பது யார்? பணம் வசூலிப்பதில் தேவையற்றவராகிவிட்ட அதே முதலாளி, பதிவு விண்ணப்பத்தில் மறுபடி தேவைப்பட்டார். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரின் கையொப்பத்துக்காகக் கூலியை விட்டுவிட்டு ஒருநாள் காத்திருப்பது என்றானது. காத்திருந்த நாளுக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். படிவம் நிரப்புவது, புகைப்படம் ஒட்டுவது, புதுப்பிக்கும் தேதியை நினைவூட்டுவது, இறந்தவரின் வாரிசுச் சான்றுக்காக அலைவது என்று சங்கக் கிளைகளின் பெரும்பாலான நேரம் போயிற்று. இதை எழுத்தர் வேலை என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியாது. உரிமை சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு விதவையின் வங்கிக் கணக்குவரை வந்து சேரும் தூரத்தைக் கடக்கவைத்தது இந்த வேலைதான்.

சங்கம் வலுவாக இல்லாத மாநிலங்களில் அந்தத் தூரம் கடக்கப்படவே இல்லை. தீர்வை வசூலானது, பெட்டியில் தங்கியது. பிரச்சாரக் குழு 2006-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தொழிலாளர் நலனுக்கான பணத்தில் மடிக்கணினிகளும் சலவை இயந்திரங்களும் வாங்கப்பட்டிருந்தது தணிக்கைத் துறையின் பிரமாணப் பத்திரம் வழியாக நீதிமன்றத்தின் முன் வந்தது. 2018 மார்ச் 19 அன்று நீதிபதிகள் மதன் லோக்கூரும் தீபக் குப்தாவும் அளித்த தீர்ப்பு கணக்கைப் பட்டியலிட்டது: நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது நிதியில் சுமார் 52,000 கோடி இருப்பதாகவும், பதிவு பெற்றவர்கள் சுமார் மூன்றரைக் கோடிப் பேர் என்றும் மத்தியத் தொழிலாளர் துறையே சொன்னது. பதிவில்லாதவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள்.

புலம்பெயர்ந்தவர் நிலை இன்னும் கடினம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கூலியாட்கள். கட்டடம் தீர்வை கட்டுவது இந்த ஊரில், தொழிலாளியின் அடையாள ஆவணங்கள் சொந்த ஊரில்.

2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1996-இன் சட்டங்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தீர்வை தொடர்கிறது. ஆனால் சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்குப் பழைய மத்தியச் சட்டம் பத்து லட்சம் வரை அளித்த விலக்கைப் புதிய சட்டம் ஐம்பது லட்சமாக்கியிருக்கிறது. சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் எழும்பும் வீடுகளில் மிகப் பல இந்த வரம்புக்குள் வந்துவிடும். நாலு ஆட்களோடு மேஸ்திரி வேலை எடுப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட வீடுகளில்தான். அங்கே சாரம் சரிந்தால் கேட்பதற்கு முதலாளியும் கிடையாது, இனி கட்டடத்தின் பங்கும் கிடையாது. 1982 சட்டத்தின் வாரியங்களைக் கலைக்காமல் காப்பாற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சங்கங்கள் கேட்பதை இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும். மாநில அரசு தன் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி மேசையில் சிறு வீடுகளுக்கும் அந்தத் தீர்வையைத் தொடர்ந்து வசூலிப்பதற்கான வழியை உறுதிசெய்வதே இப்போது செய்யவேண்டிய முதல் காரியம்.