ஜாம் போத்தல் வெளிச்சம்

ஒரு வெறும் ஜாம் போத்தல். அதன் அடியில் விரலளவு பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், இரண்டு மூன்று கரண்டி போதும். திரியைத் தாங்கிப் பிடிக்கப் பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து கழற்றிய வால்வு. கொளுத்திவிட்டால் சுடர் போத்தலுக்குள்ளேயே ஒடுங்கி நின்று எரியும். கண்ணாடிச் சுவர் காற்றை மறிக்கும். திரி சின்னது என்பதால் எண்ணெயும் மெல்லத்தான் இறங்கும். வழக்கமான குப்பி விளக்கு ஒரே இரவில் குடித்துத் தீர்க்கும் எண்ணெயில் இது பல இரவுகள் எரிந்தது. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள். விடிந்து எழுந்து மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் நின்றது. தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. ஆனையிறவு வழியான தரைப்பாதை மூடப்பட்டது. அதன் பிறகு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை இறுகியது. பெட்ரோல், டீசல், சீமெந்து, இரும்பு, உரம், பற்றரி என்று தொடங்கிய பட்டியல் சவர்க்காரம், மெழுகுதிரி, மருந்து வரை நீண்டது. மண்ணெண்ணெய் ஒரேயடியாக இல்லாமற் போகவில்லை. கிடைத்தது கொஞ்சம், விலையோ பல மடங்கு. லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படியே ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்தன.

எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால், 'சனம் கெட்டித்தனமாகச் சமாளித்தது' என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். ஒரு வீடு இடருக்கு ஆயத்தமாவது இடர் வந்த அன்று தொடங்குகிற வேலை இல்லை. யாழ்ப்பாணத்து அடுப்படிகளில் அந்த ஆயத்தம் பல தலைமுறைகளாக இருந்துவந்தது. காசு கொடுத்து வாங்கியதல்ல அது. பெண்கள் வருடா வருடம் வெயிலில் காயவைத்து, பெட்டியில் போட்டு, உறியில் தூக்கிவைத்தது.

நிரந்தர ஆறு என்று ஒன்று இல்லாத மண் இது. கிணற்று நீரும் மாரி மழையும்தான் எல்லாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வெளி வேலை இல்லை, கடல் தொழிலும் குறைவு, சந்தையும் சோர்ந்துவிடும். அந்த மாதங்களுக்காகக் கோடையிலேயே சேர்த்துவைக்க வேண்டும். மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், பாவற்காய் வற்றல், கருவாடு, வறுத்த அரிசிமா எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. அவற்றுக்கெல்லாம் மேலே நின்றது பனை.

வில்லியம் பெர்குசன் என்பவர் 1850இல் கொழும்பில் பனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தாலவிலாசம் என்ற தமிழ் நூல் பனையின் பயன்களை 801 என்று எண்ணிச் சொல்வதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். அந்த எண்ணிக்கையைப் பலர் பெருமைக்குச் சொல்வார்கள். பஞ்சக் காலத்தில் உயிரைக் காத்தவை அவற்றில் நாலைந்துதான். ஆனால் அந்த நாலைந்தின் அருமையே வேறு.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். பழத்தைப் பிழிந்து களியைப் பாயில் பூசிக் காயவைத்தால் பனாட்டு. எஞ்சிய விதைகளை வளவின் ஓரத்தில் மண்ணைக் கிளறி நெருக்கமாக அடுக்கிப் பாத்தி போடுவார்கள். மாரி மழையே அதற்குத் தண்ணீர். உரம் வேண்டாம், காவல் வேண்டாம். தை, மாசியில் பாத்தியைக் கிண்டினால் முழ நீளக் கிழங்குகள். பச்சையாகவே பிளந்து வெயிலில் காயப்போட்டால் ஒடியல். அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். நன்றாகக் காய்ந்த ஒடியல் அடுத்த பருவம் வரை கெடாது. முறித்தால் சடக்கென்று சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பதம். வீட்டின் மூலையில் கடகத்தில் கிடக்கும் அந்த ஒடியலுக்கு ஆன செலவு உடல் உழைப்பு மட்டும்தான்.

ஒடியல்மாவுக்கு ஒரு கயர்ப்பு உண்டு. தெரியாதவர்கள் அப்படியே சமைத்துவிடுவார்கள், வயிறு ஏற்காது. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய மாவைத்தான் கூழுக்கு எடுக்க வேண்டும். பானையில் கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, முருங்கையிலை போய்ச்சேரும். கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் மீன் தலையும் நண்டும் இறாலும் போடுவார்கள். செத்தல் மிளகாயும் புளியும் கரைத்த பின் கடைசியாக ஒடியல்மாக் கரைசல். கூழ் தடித்து வரும்போது மணம் படலை வரை வந்துவிடும். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பது. ஒரு பிடி அரிசியையும் இரண்டு மீனையும் வைத்துக்கொண்டு பத்துப் பேர் பசியாறலாம். இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் விருந்தாகக் காய்ச்சப்படும் இந்தக் கூழ், உள்ளதைப் பங்கிட்டு உண்ணப் பிறந்த உணவு.

இந்த அறிவு 1990க்கு முன்பே ஒருமுறை கடுமையாகச் சோதிக்கப்பட்டிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. இன்று யாழ்ப்பாணத்து வீடுகளில் சாதாரணமாக அவிக்கும் கோதுமைமாப் பிட்டு பரவலானது அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தின் தொடர்ச்சியாகத்தான். ஒடியலும் குரக்கனும் மரவள்ளியும் வசதியான வீட்டுச் சட்டிகளுக்கும் ஏறின. மறுபடி 1970களின் முற்பாதியில் அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியபோது தீவு முழுவதும் பாணுக்கு வரிசை நின்றது. குடாநாட்டு விவசாயிகளோ மிளகாயும் வெங்காயமும் விளைவித்துத் தலைநிமிர்ந்தார்கள். 1990இல் அறுபது வயதைத் தாண்டியிருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு தட்டுப்பாடுகள் நினைவில் இருந்தன. அந்த நினைவு அவர் வீட்டின் மிகப் பெரிய சேமிப்பு.

அதைவிட முக்கியமானது, அந்தப் பெண் சொன்னதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள் என்பது. சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தின் சாற்றில் உடுப்புத் தோய்க்கலாம் என்பது அம்மம்மாக்களுக்குத் தெரிந்திருந்தது. சீனிக்கு வழியில்லாதபோது, குட்டான் என்ற சின்ன ஓலைப்பெட்டியில் இருந்த பனங்கட்டியைச் சிறிதாக உடைத்து, ஒரு கடி கடித்து ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கும் பழைய வழக்கம் திரும்பி வந்தது. மண்ணெண்ணெய் போதாமல் நீர் இறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்த தோட்டங்களில், கைவிட்ட துலாவை மறுபடி பூட்டினார்கள்.

பழையதை மட்டும் வைத்துக்கொண்டு ஓடவில்லை அந்த வாழ்க்கை. இளைஞர்களும் மெக்கானிக்குகளும் புதிதாகக் கண்டுபிடித்தவையும் உண்டு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் இன்னொருவர் வானொலியைத் திருப்புவார். இரவில் பிபிசி தமிழோசை வரும் நேரத்துக்கு ஒரு வீட்டு முற்றத்தில் ஒழுங்கையே கூடியிருக்கும். சுற்றுபவர் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும்; உடனே அடுத்தவர் பெடலைப் பிடிப்பார். பழைய மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. முதலில் சில துளி பெட்ரோலைச் சின்னப் போத்தலிலிருந்து குழாய் வழியாகக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை எழும். செய்தித்தாள்கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் அவை.

இத்தனைக்கும் நடுவில் வளவில் ஒரு பங்கர் இருந்தாக வேண்டும். வடமராட்சி, தென்மராட்சியின் மணற்பாங்கான இடங்களில் வெட்டுவது எளிது. வலிகாமத்தில் மேல்மண் கொஞ்சம்தான், கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்கால் இடித்து இடித்துத்தான் இறங்க வேண்டும். நேர்க்கோடாக வெட்டாமல் 'ட' எழுத்தைப் போல மடக்கி வெட்டினார்கள். வாசலில் செல் விழுந்தாலும் சிதறல் உள்ளே நேராகப் பாயாது. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண், அதன்மேல் மண் மூட்டை. சாக்கு கிடைக்காதபோது பழைய சேலைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். மாரியில் உள்ளே தண்ணீர் ஊறும், பாம்பும் வரும். பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் அதையெல்லாம் பார்க்க நேரமிருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

பங்கருக்குள் போகும்போது கையில் எடுக்க ஒரு பை எப்போதும் கதவோரம் தொங்கும். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கூட்டுறவுச் சங்கக்கடை அட்டை, இருந்தால் இரண்டு மூன்று நகை. மழைக்கு நனையாதிருக்கப் பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பையின் மதிப்பு 1995 அக்டோபர் 30 அன்று இரவு தெரிந்தது. இராணுவம் நெருங்கிவிட்டது, உடனே வெளியேற வேண்டும் என்ற அறிவிப்போடு வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. செம்மணியிலிருந்து நாவற்குழி வரையான ஒற்றை வீதியில் சில லட்சம் பேர். மேலே மழை. அடிக்கு அடி நின்று நின்று விடியும்வரை நகர்ந்தார்கள். சைக்கிள் கரியரில் அரிசிப் பையும் பாயும் கட்டியவர்கள், வயோதிபத் தாயைக் கதிரையோடு தூக்கியவர்கள் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அல்பங்களையும் புத்தகங்களையும் விட்டுவிட்டு வந்ததை நினைத்துப் பலர் பிறகு அழுதார்கள். கதவோரத்துப் பை மட்டும் தோளில் இருந்தது.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. ஒடியல் பசியை ஆற்றும். நீரிழிவுக்கு இன்சுலின் ஆகாது. இன்சுலின் கிடைத்தாலும் அதைக் குளிரில் வைக்க மின்சாரம் இல்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இயங்கியது; மருந்து கப்பலுக்குக் காத்திருந்தது. தெற்கே போக வேண்டியவர்கள் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தார்கள். 1993 ஜனவரியில் அந்தக் கடலில் பயணிகள் படகுகள் தாக்கப்பட்டுப் பலர் மாண்டார்கள். வீட்டுக்குள் எவ்வளவு சிக்கனமாக ஆயத்தம் செய்தாலும் அதற்கு வெளியே நிற்கும் சாவுகள் இவை. தாலிக்கொடிவரை அடகு வைத்த குடும்பங்களும் வெளிநாட்டுப் பிள்ளையின் பணம் வந்தால்தான் அடுப்பெரியும் என்றிருந்த குடும்பங்களும் ஒரே ஒழுங்கையில் இருந்தன. இல்லாதவருக்கு இருப்பவர் கொடுத்த ஒரு சுண்டு அரிசி எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது லொறிகளில் எல்லாம் வந்து இறங்கியது. வளவுகளில் பனம்பாத்தி போடுவது குறைந்தது. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட, சில நாட்களிலேயே கடைத் தட்டுகள் வெறுமையாகின. சங்கக்கடை வாசலில் விடியுமுன்பே வரிசை. கடகத்தில் ஒடியல் இருந்தவர் அந்த முறை மிகச் சிலர்.

2022இல் தட்டுப்பாடு தீவு முழுவதையும் பிடித்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லை. எரிவாயு இல்லை, பால்மா இல்லை, எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. கொழும்பு மாடிவீடுகளில் விறகடுப்பு மூட்ட இடமில்லாமல் மக்கள் தவித்தார்கள். யாழ்ப்பாணத்தில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்குச் செய்யும் முறையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்க்க, பஞ்சு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வால்வை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது அந்தப் பெரியவர்களுக்குக் கைப்பழக்கமாகவே இருந்தது.