மில் கேட்டைத் தாண்டி ஒரு சிவப்பு நடை

போலந்தில் கிராக்கோவ் நகரத்தை ஒட்டி நோவா ஹூத்தா என்றொரு உருக்காலை ஊர் இருக்கிறது. 1949இல் சோசலிச அரசு கட்டத் தொடங்கியது. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகளைப் பழைய டிராபான்ட் காரில் ஏற்றி, “கம்யூனிஸ்ட் காலம்” எப்படி இருந்தது என்று காட்டுகிறார்கள். ஹங்கேரியில், தெருக்களிலிருந்து இறக்கிய சிலைகளை ஒரு பூங்காவில் நிறுத்தி டிக்கெட் போட்டிருக்கிறார்கள். கோவையில் இதுபோல ஒரு நடை போகலாமா என்று கல்லூரித் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: இங்கே கம்யூனிஸ்டுகள் ஆண்ட காலம் என்று எதுவும் கிடையாது. தூக்கில் ஏறிய காலமும் சுடப்பட்ட காலமும்தான் உண்டு. அதனால் நம் நடையில் சிலைகள் குறைவு. பார்ப்பதெல்லாம் மில் கேட்டும் சிறைச் சுவரும்தான்.

காட்டூரில் தொடங்குங்கள். காளீஸ்வரா மில்லும் சோமசுந்தரா மில்லும் அங்கேதான். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்தான் இந்த ஊரின் முதல் பஞ்சாலை. மக்கள் வாயில் அது ஸ்டேன்ஸ் மில். ஆனால் மில்கள் வரிசையாக முளைத்தது 1930களில், பைக்காரா மின்சாரம் வந்த பிறகு. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக முதலாளிகளின் தொழில் முனைப்போடு நிறுத்திக்கொள்வார்கள். அதே மின்சாரம் இன்னொன்றும் செய்தது. கிணற்றுக்கு மோட்டார் வந்தது, கவலை இறைப்பது மெல்ல நின்றது. கவலைக்கு வேண்டிய தோல் வேலை முழுவதும் அருந்ததியர் கையில் இருந்தது. கூலியாகத் தானியமும் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்து அடிமைத்தனமும் கிடைத்த வேலை அது. போனதற்கு அழ ஒன்றும் இல்லை. ஆனால் அது போனபோது நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? மில் சங்கு கேட்ட திசைக்கு.

பல சாதியினர் ஒரே கூரைக்கு அடியில், ஒரே ஷிப்டில் நின்றது கொங்கு நாட்டுக்குப் புதிது. ஷிப்டு முடிந்ததும் ஒருவர் ஊருக்கும் ஒருவர் வளவுக்கும் போனது பழையது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கோவையின் தொழிற்சங்க வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

காட்டூரிலிருந்து மத்திய சிறை நடக்கிற தூரம்தான். 1872இல் கட்டியது. வ.உ.சி. 1908 முதல் 1910 வரை இங்கேதான் செக்கிழுத்தார். அது எல்லோருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1946 ஜனவரி 8ஆம் தேதி இதே சிறையில் நான்கு மில் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்: ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். இது பாடப்புத்தகத்தில் இல்லை.

நால்வரும் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள். உலகப் போர்க் காலம். சங்கம் வலுத்துக்கொண்டிருந்தது, அதை உடைக்க அடியாட்கள் உலவினார்கள். பொன்னன் என்ற அடியாள் ஒரு பெண் தொழிலாளியிடம் வன்முறை செய்தான். தொழிலாளர்கள் திருப்பி அடித்தார்கள், அவன் செத்தான். வழக்கு தூக்குக் கயிற்றில் முடிந்தது. இன்றும் ஆண்டுதோறும் ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தில் செங்கொடியோடு கூடுகிறார்கள். அவிநாசி சாலையில் பீளமேட்டைத் தாண்டிப் பேருந்தில் போக வேண்டிய ஊர்.

இந்தக் கதையை நீங்கள் எங்கே கேட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண் முதல் வரியில் வருவார். பொன்னன் செத்ததும் காணாமல் போய்விடுவார். பிறகு முழுவதும் கைது, வழக்கு, மேல்முறையீடு, நால்வரின் துணிச்சல். அவர்களின் துணிச்சலில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெண் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்? ரீலிங்கா, கழிவுப் பஞ்சு பொறுக்குவதா? அதற்குப் பிறகு அவருக்கு வேலை இருந்ததா? அவருடைய தெரு அவரை எப்படிப் பார்த்தது? பெயரை நான் இங்கே எழுதவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடக்கூடாது என்கிற இன்றைய சட்டத்தின் நியாயம் 80 ஆண்டுக்கு முந்தைய பெண்ணுக்கும் பொருந்தும். நான் கேட்பது அவர் வாழ்க்கையை. சங்கத்துக்கு ஒரு காரணமாக மட்டும் அவர் நின்றுபோனார், சங்கத்தின் ஆளாக நினைக்கப்படவில்லை.

அதே 1946, நவம்பர் 11. ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. 11 பேர் இறந்தார்கள். ஜனவரிக்கும் நவம்பருக்கும் நடுவில் சென்னை மாகாணத்தில் ஆட்சி மாறியிருந்தது. ஏப்ரலில் பிரகாசம் தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்துவிட்டது. துப்பாக்கி மாறவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். குடியரசு பிறந்து 16 நாள் ஆகியிருந்தது. பிறகு இதே கோவை 1957இல் பார்வதி கிருஷ்ணனையும், 1967இல் கே. ரமணியையும், 1971இல் பாலதண்டாயுதத்தையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தேர்தல் கணக்கு வேறு நடைக்கு உரியது.

“தொழிலாளி என்றால் தொழிலாளிதான், அங்கே சாதி எதற்கு?” என்று நடையில் யாராவது கட்டாயம் கேட்பார். சென்னைக்குப் போய்ப் பார்ப்போம். 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தம், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் மறுபக்கமுமாகப் பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடவில்லை. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், எச்சில் படும், தீட்டு. கூலி அதிகம் கிடைக்கிற பிரிவும் அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பினார். எழுப்பியவர், 1938 நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தே வேலைநிறுத்தம் நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதியைப் பேசினால் ஒற்றுமை உடையும் என்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கொங்கு மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னுரை இருக்கிறது. கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் 1931இல் ‘குடி அரசு’ இதழில் வெளிவரத் தொடங்கியது. அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரை 1936இல் அதே இதழில் தமிழில் வந்தது. இரண்டுக்கும் ஊர் ஈரோடு. ஒரே இதழின் வாசகர் ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டையும் படித்திருக்க முடியும். இன்று நாம்தான் இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

சின்னியம்பாளையத்தோடு நடையை முடிப்பதுதான் வழக்கமாக இருக்கும். முடிக்காதீர்கள். வழியிலுள்ள பழைய மில்கள் பல 1974 சட்டத்தால் என்.டி.சி. வசம் போயின. 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்டபின் அவை முறையாக ஓடவே இல்லை. ஆனால் நூல் நூற்பது நிற்கவில்லையே. புறநகரிலும் கிராமத்து வெளியிலும் தனியார் ஆலைகள் ஓடுகின்றன, விடுதியோடு. ‘சுமங்கலித் திட்டம்’ கேள்விப்பட்டிருப்பீர்கள்: பதின்வயதுப் பெண்ணை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு என்று மொத்தத் தொகை. நடுவில் போனால் தொகை இல்லை. விடுதியிலிருந்து இஷ்டப்படி வெளியே வரமுடியாது, சங்கம் பேச வழியே இல்லை. 2011இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வறிக்கை, இப்பெண்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்று பதிவு செய்தது. மேஸ்திரியின் இடத்தில் சூப்பர்வைசர், வளவின் இடத்தில் விடுதி.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். ஆலையின் தாய் நிறுவனம் திருப்பூரைச் சேர்ந்தது. சின்னியம்பாளையக் கதை மறுபடி நடந்ததுபோல இருக்கிறது அல்லவா? ஆனால் அடுத்து நடந்தது வேறு. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தக் குடும்பத்தோடு நின்றது. 2022 ஏப்ரலில் அந்நிறுவனத்தையும் எச் அண்டு எம் போன்ற வெளிநாட்டு பிராண்டுகளையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. ஆலைக்குள் பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள் இருப்பார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்க முடியாது. மீறினால் பிராண்டுகள் அந்நிறுவனத்துக்கு எதிராக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. திண்டுக்கல் ஒப்பந்தம் என்பது இதுதான். பாலியல் தொல்லையும் சாதியும் ஒரே தாளில், தொழிற்சங்கக் கோரிக்கையாக.

ஆகவே ஜனவரி 8க்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒண்டிப்புதூர், புலியகுளம், பீளமேடு பக்கம் ஓய்வுபெற்ற பெண் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போங்கள். இப்போது 80ஐத் தொடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். செல்போனில் ஒலிப்பதிவு செய்ய முதலில் அனுமதி கேளுங்கள். “தியாகிகளைத் தெரியுமா?” என்று ஆரம்பிக்க வேண்டாம். எந்தப் பிரிவில் வேலை, சாப்பாட்டு நேரத்தில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், தண்ணீர்ப் பானை ஒன்றா இரண்டா, இரவு ஷிப்டு முடிந்து யாரோடு வீடு திரும்பினீர்கள் என்று கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் நீங்கள் பேசியது உண்டா என்று கடைசியில் கேளுங்கள். அவர்கள் சொல்கிற தெருக்களைக் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த நடைக்கான வரைபடம் அதுதான்.