கழுத்திலுறையும் காவலன்

கழுத்தில் கரோடிட் தமனி இரு கிளையாகப் பிரியுமிடத்தில் அரிசிமணியளவான ஓர் உறுப்பு உண்டு. ரத்தத்தின் ரசாயன மாறுதலைச் சுவைத்தறியும் புலன் அதுவென 1928-இல் உரைத்தவர் மாட்ரிட் நகரத்து தெ காஸ்திரோ. சோதனைகளால் அதனை நிறுவிய பெல்ஜிய அறிஞர் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிட்டிற்று, முன்னவருக்குப் பங்கில்லை. இது நீதியன்று என்பதே என் துணிபு.

பிராணவாயு குறைந்தால் சுவாசத்தை விரைவுபடுத்தும் இவ்வுறுப்பு, குறை நீடித்தால் தானே பருக்கிறது. ஆண்டீஸ் மலைவாசிகளிடம் 1969-இல் பெரு நாட்டு மருத்துவர் அரியாஸ்-ஸ்டெல்லா இதைக் கண்டார். பின்னர் நாட்பட்ட நுரையீரல் நோயாளரிடத்தும் காணப்பட்டது. யாவும் பிணப் பரிசோதனையில்! நோயாளிக்கு அதனால் யாது பயன்?

இந்நூற்றாண்டில்தான், ரத்தத்தில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. படங்களில், உயிருள்ளோரிடம் இதனை அளக்கலாயினர். இதயம் தளர்ந்தோரிடம் இது பெரிதாயிருப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் உறுப்போ சில மில்லிமீட்டர். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிழையும் பெரும் பிழையே.