உளவளத்துணை மேற்பார்வை: ஒரு வரலாற்று நோக்கு

உளவளத்துணையை நாடி வருபவரும் அதனை வழங்குபவரும் மூடிய அறையொன்றினுள் உரையாடுவர். அவ்வறையில் நிகழ்வதற்குப் பொறுப்பேற்கும் மூன்றாமவர் ஒருவர் வெளியே இருப்பார். அவரே மேற்பார்வையாளர். தாம் நேரிற் காணாத ஒருவரின் நலனை, தாம் பயிற்றும் வேறொருவர் வாயிலாகக் காக்கவேண்டிய கடமை அவருடையது. இக்கடமையில் நேரும் தவறுகள் தனிமனிதரின் கவனக்குறைவால் மாத்திரம் எழுவன அல்ல. அவை மேற்பார்வை முறை தோன்றி வளர்ந்த வரலாற்றுடன் பிணைந்தவை. அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்கள் சில ஈண்டு ஆராயப்படுகின்றன.

1908ஆம் ஆண்டில் வியன்னாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் குதிரைகளுக்கு அஞ்சி வீதிக்குச் செல்ல மறுத்தான். அவனது தந்தை மக்ஸ் கிராவ் இசையறிஞர். சிக்மன்ட் பிராய்டின் வட்டத்தைச் சேர்ந்தவர். சிறுவனுடன் நாள்தோறும் உரையாடியவர் தந்தையே. பிராய்ட் அவர் தந்த குறிப்புகளைக் கொண்டு வழிகாட்டினார். அச்சிகிச்சைக் காலத்தில் சிறுவனை ஒருமுறை மாத்திரமே சந்தித்தார். 1909இல் வெளியான இவ்வரலாற்றை மேற்பார்வையின் தொடக்ககால எடுத்துக்காட்டு எனலாம். பின்னர் பெரிதாக வளரவிருந்த சிக்கலொன்றும் இதிலேயே தோன்றிவிட்டது. ஆசிரியரின் கொள்கையில் ஈடுபாடு கொண்ட ஒருவர், ஆசிரியர் எதிர்பார்ப்பதையே கண்டு எழுதக்கூடுமன்றோ? இவ்வாட்சேபத்தைப் பிராய்டே தமது நூலில் எடுத்து விவாதித்துள்ளார்.

மேற்பார்வை ஒரு நிறுவன ஒழுங்காக உருப்பெற்ற இடம் பேர்லின் ஆகும். 1920ஆம் ஆண்டு பெப்ரவரியில் மக்ஸ் எயிற்றிங்கன் முதலியோர் அங்கு உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை நிலையமொன்றைத் தொடங்கினர். வசதியற்றோர் இலவசமாகவோ, தம்மால் இயன்ற கட்டணத்துக்கோ அங்கு சிகிச்சை பெற்றனர். பயிலுநர் தமது முதல் நோயாளரைப் பெற்றதும் அந்நிலையத்திலேயே. பிறிதொரு மருத்துவரைத் தேடிச்செல்லப் பொருள்வசதி இல்லாத அந்நோயாளருக்குப் பயிலுநரின் தவறுகளிலிருந்து பாதுகாப்பளிக்கவேண்டிய பொறுப்பு நிலையத்துக்கு இருந்தது. தம்மைத் தாமே பகுப்பாய்வுக்கு உட்படுத்தல், கோட்பாட்டுக் கல்வி, மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளரை நடத்தல் என்னும் மூன்றும் அங்கு பயிற்சியின் தூண்களாயின. 1925இல் எயிற்றிங்கனைத் தலைவராகக் கொண்டு சர்வதேசப் பயிற்சி ஆணைக்குழு அமைக்கப்பட்டபின் இவ்வொழுங்கு பிற நகரங்களுக்கும் பரவிற்று.

இதனையடுத்து முக்கியமான கருத்து வேறுபாடொன்று எழுந்தது. பயிலுநரின் உள்ளத்தைப் பகுப்பாய்ந்தவரே அவரது முதல் நோயாளர் பற்றிய மேற்பார்வையையும் மேற்கொள்ள வேண்டும் என்பது புடாபெஸ்ற் அறிஞரின் நிலைப்பாடு. வில்மா கோவாக்ஸ் 1936இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை வலியுறுத்தினார். பேர்லின் மரபோ இவ்விரு பணிகளையும் வெவ்வேறு ஆசிரியரிடம் ஒப்படைத்தது. பயிலுநரின் உணர்ச்சிகள் சிகிச்சையைப் பாதிக்கும் என்ற புடாபெஸ்ற் கருத்து பெறுமதி மிக்கது. ஆயினும் மேற்பார்வை முழுவதும் பயிலுநருக்கான சிகிச்சையாக மாறுமாயின், அறையில் காத்திருக்கும் துணைநாடுநர் மறக்கப்படுவார். மேற்பார்வையாளர் இன்றும் வழுக்கி விழும் இடம் இதுவே.

அடுத்த பெருமாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1940இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கார்ல் ரொஜர்ஸ், உளவளத்துணை உரையாடல்களை இசைத்தட்டுகளிற் பதிவு செய்யும் முறையைத் தமது குழுவினருடன் உருவாக்கினார். தட்டொன்று சில நிமிடங்களே ஓடியமையால் இரு பதிவுக்கருவிகளை மாறிமாறி இயக்க வேண்டியிருந்தது. 1942இல் வெளியான அவரது நூலில் ஒருவருடைய எட்டு அமர்வுகள் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டன. நினைவிலிருந்து எழுதப்பட்ட அறிக்கைகள் எவ்வளவோ விடயங்களை விட்டுவிடுகின்றன என்பது பதிவுகளுடன் ஒப்பிட்டபோது புலனாயிற்று. கட்டளையிடாத முறையைக் கைக்கொள்வதாக நம்பியோர் பலர், தாம் அடிக்கடி அறிவுரை கூறுவதைத் தமது குரலிலேயே கேட்டு வியந்தனர். பயிலுநரின் அறிக்கையை மாத்திரம் நம்புதல் எத்தகைய தவறு என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

ஆயினும் பதிவுக்கருவி அனைத்தையும் காட்டிவிடாது. துணையாளருக்கும் துணைநாடுநருக்கும் இடையிலான உறவு, மேற்பார்வை அறையிலும் பிரதிபலிக்கக்கூடும் என்பதை ஹரல்ட் சேள்ஸ் 1955இல் எடுத்துக்காட்டினார். றுடோல்வ் எக்ஸ்ரைன், றொபேட் வொலஸ்ரைன் ஆகியோர் 1958இல் இதனை மேலும் விரித்துரைத்தனர். உதவி கேட்டுக்கொண்டே அதனை மறுக்கும் ஒருவரைச் சந்தித்து வரும் பயிலுநர், தம்மையறியாமலே மேற்பார்வையாளரிடம் அவ்வாறே நடந்துகொள்ளலாம். அதனைப் பிடிவாதம் எனக் கண்டிப்பவர் முக்கிய தடயமொன்றை இழந்துவிடுவார்.

1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நோர்மன் கேகன் ஒளிப்பதிவைப் பயன்படுத்திய முறையும் நோக்கற்பாலது. பதிவை இடையிடையே நிறுத்தி, அக்கணத்தில் யாது நினைத்தீர், யாது உணர்ந்தீர் என வினவுவதே அம்முறை. தீர்ப்புக் கூறுதல் அதில் இடம்பெறாது. தீர்ப்புக்கு அஞ்சுவோர் உண்மையை மறைப்பர் என்பது பின்னைய ஆய்வாலும் வலுப்பெற்றது. நிக்கலஸ் லடனி முதலியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 108 பயிலுநருள் ஏறத்தாழ 97 வீதத்தினர் மேற்பார்வையாளரிடம் ஏதோவொன்றை மறைத்ததாக ஒப்புக்கொண்டனர். அவற்றுள் அதிகமாக மறைக்கப்பட்டது மேற்பார்வையாளர் மீதே கொண்ட மனக்குறையாகும்.

கற்பித்தல், மதிப்பிடல், துணைநாடுநரைக் காத்தல் ஆகிய மூன்றும் மேற்பார்வையாளர் ஒருவரின் தோளிலேயே சுமத்தப்பட்டுள்ளன. மதிப்பிடும் அதிகாரத்தை அவர் முற்றாகக் கைவிட இயலாது; தகுதியற்றவரைத் தடுத்தலும் அவரது கடமையே. எனினும் அவ்வதிகாரம் பயிலுநரின் வாயை அடைக்குமாயின், அவர் காக்கவேண்டியவரைக் காக்கும் வழியும் அடைபட்டுவிடும். தவறிழைத்த பயிலுநர் அதனை அச்சமின்றி வந்து கூறக்கூடிய நிலையை உருவாக்குதலே நன்மேற்பார்வையின் முதற்பணி என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.