கிறிஸ்தவ இல்லக் கல்வி

கிறிஸ்தவ இல்லக் கல்வியாவது, பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமலோ, அனுப்பும் வயது வரும் வரையிலோ, வேதாகமப் போதனையை அடிப்படையாகக் கொண்டு எழுத்தையும் எண்ணையும் பிற பாடங்களையும் வீட்டிலேயே தாமே கற்பிக்கும் முறை. இப்பெயரைக் கேட்டதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970-க்குப் பின் பெருகிய இயக்கமே இக்காலத்தவர் நினைவுக்கு வருவது இயல்பாயினும், அதன் வேர் புராட்டஸ்டன்டுச் சீர்திருத்தக் காலத்துக் குடும்ப வழிபாட்டில் இருக்கிறது. ஒரு தாய், ஒரு கூடம், வயது வேறுபட்ட பல பிள்ளைகள் என்னும் நிலையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய கவனத்தை எவ்வாறு பகிர்ந்தளிப்பது என்பதே தொடக்கம் முதல் இன்றளவும் இக்கல்வியின் தீராத பிரச்சினையாக இருந்துவருவதால், இதன் வரலாற்றைப் பல பிள்ளைகளையுடைய குடும்பங்களின் வரலாற்றினின்றும் பிரித்துக் காண இயலாது.

மார்ட்டின் லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகள், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதனை எவ்வாறு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்னும் முகவுரையோடு தொடங்குகின்றன. குருவானவரின் கடமையாகக் கருதப்பட்டது இவ்வாறு தகப்பன் தோள்மேலும் ஏற்றப்பட்டது. இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் இக்கருத்தை மேலும் வலியுறுத்தினர். அவர்கள் கடல் கடந்து குடியேறிய மாசசூசெட்ஸில் 1642-இல் இயற்றப்பட்ட சட்டம், பிள்ளைகள் வாசிக்கவும் சமயத்தின் மூலக் கொள்கைகளை அறியவும் கற்பிக்கப்படுகின்றனரா என்று பெற்றோரையும் எஜமானரையும் கேட்கும் அதிகாரத்தை ஊர்ப் பெரியோருக்கு அளித்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1647-இல், ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் ஓர் உபாத்தியாயரை நியமிக்க வேண்டும் என்று மற்றொரு சட்டம் பிறந்தது. வீட்டின் பொறுப்பு ஊரின் பொறுப்பாக மாறத் தொடங்கியமைக்கு இதனை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

இல்லக் கல்வியின் முழு உருவத்தை நாம் அணுக்கமாகக் காணக்கூடிய இடம், லிங்கன்ஷயரில் உள்ள எப்வர்த் என்னும் சிற்றூரின் குருமனை. அங்கே குருவாக இருந்த சாமுவேல் வெஸ்லியின் மனைவி சுசன்னா (1669–1742), லண்டனில் பெயர்பெற்ற போதகரான சாமுவேல் ஆன்னெஸ்லியின் மகள். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்தவர். கணவரோ கல்விமான், கவிதை புனைபவர், ஆனால் கடன்பட்டு 1705-இல் லிங்கன் கோட்டைச் சிறையில் வாட நேர்ந்தவர். இத்தகைய வீட்டில், வறுமைக்கும் பிரசவங்களுக்கும் இடையில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த அம்மையார் ஒரு பள்ளியை நடத்தினார் என்பது வியப்பையும் மரியாதையையும் ஒருங்கே எழுப்புவது. அம்முறையை அவர் தம் மகன் ஜானின் வேண்டுகோளுக்கு இணங்கி 1732 ஜூலையில் ஒரு நீண்ட கடிதமாக எழுதி வைத்தமையாலும், தாய் மறைந்தபின் ஜான் அதனைத் தம் நாட்குறிப்பில் சேர்த்துப் பிரசுரித்தமையாலும் நமக்கு அந்த விவரங்கள் கிட்டியுள்ளன.

பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும் வரையில் எழுத்து கற்பிப்பதில்லை. நிரம்பியவுடன், முதல் நாளே வீட்டை ஒழுங்குசெய்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையை நியமித்து, காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரையிலும் எவரும் அந்த அறைக்குள் வரலாகாது என்று கட்டளையிட்டுவிடுவார். அன்று ஒரே நாளில் நெடுங்கணக்கு முழுவதையும் பிள்ளை கற்றுவிட வேண்டும். பிள்ளைகள் அவ்வாறே கற்றனர். மகள்களான மோலியும் நான்சியும் மட்டும் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டனர். மறுநாள் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்குவர். ஒரு வசனம் பிழையின்றி வரும்வரை அடுத்ததற்குச் செல்லுதல் இல்லை. கடைசி மகளான கெசியாவுக்கு மட்டும் கணவரின் விருப்பத்தால் முன்னதாகவே பாடம் தொடங்கப்பட்டது. மற்றவர்கள் மாதங்களில் கற்றதைக் கற்க அவளுக்கு ஆண்டுகள் ஆயின என்று தாய் குறித்திருக்கிறார். நன்றாக வாசிக்கத் தெரியும் வரையில் எந்தப் பெண்ணையும் தையல் வேலைக்கு உட்காரவைக்கக் கூடாது என்பது அவர் வகுத்த விதிகளில் மிகச் சிறந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் பெண்களுக்குப் புத்தகத்துக்கு முன்னரே ஊசி கையில் கொடுக்கப்பட்டது என்பதை எண்ணினால், இவ்விதியின் துணிவு விளங்கும்.

அம்முறையில் கடுமையும் இருந்தது. பிள்ளைகள் ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சவும், அழுதால் மெல்ல அழவும் பழக்கப்பட்டனர். குழந்தையின் சுய சித்தத்தை முதலில் வெல்ல வேண்டும் என்பது தாயின் கொள்கை. பின்னாளில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி, முதுமையில் பெற்றோருக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில் இக்கொள்கையையே எடுத்துரைத்தமையால், அது மெதடிஸ்டுக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பரவிற்று. ஒரு வயதுக் குழந்தையை அச்சத்தால் ஆளுவதை நாம் நியாயமென்று ஏற்க இயலாது. ஆயினும் அதே கடிதத்தில், தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளையை அடிக்கலாகாது என்றும், ஒரு குற்றத்துக்காக இருமுறை தண்டித்தலோ பின்னர் அதைச் சொல்லிக் காட்டுதலோ கூடாது என்றும் காணப்படும் விதிகள், அக்காலத்துப் பள்ளிகளில் வழங்கிய தண்டனை முறையினும் பெரிதும் மேம்பட்டவை.

1709 பிப்ரவரியில் ஓர் இரவு குருமனை தீக்கிரையாயிற்று. மாடியில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிச் சன்னல் வழியாக மீட்டனர். வீடு மீண்டும் எழும் வரையில் பிள்ளைகள் பல குடும்பங்களில் சிதறி வாழ நேர்ந்தது. திரும்பி வந்தபோது அவர்களுடைய பேச்சும் பழக்கமும் கெட்டிருக்கக் கண்ட தாய் மனம் வருந்தி, ஒழுங்கை முன்னிலும் உறுதியாக நிலைநாட்டினார். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடும் வழக்கம் அப்போது பிறந்ததே. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை பேசத் தெரிந்த கடைக்குட்டியையும், இரண்டாவது பிள்ளை அதற்கு அடுத்ததையும் அழைத்துச் சென்று, அன்றைக்குரிய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசித்துக்காட்டுவர்.

இவ்விடத்தில் தமிழகத்தோடு இக்கதைக்கு உள்ள தொடர்பு வெளிப்படுகிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இருவரையும் தென்மார்க்கு மன்னர் அனுப்பியிருந்தமையால், ஆங்கிலேயர் அவர்களைத் தேனிய மிஷனரிகள் என்று வழங்கினர். அவர்களுடைய ஊழிய வரலாறு ஆங்கிலத்தில் அச்சாகி, எப்வர்த் குருமனையின் நூல் அறைக்கும் வந்து சேர்ந்திருந்தது. 1711-ஆம் ஆண்டின் இறுதியில், சாமுவேல் வெஸ்லி திருச்சபைப் பேரவைக்காக லண்டன் சென்றிருந்தபோது, மூத்த மகள் எமிலி அந்நூலைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக்காட்டினாள். அதைக் கேட்டது முதல் பல நாள் வேறொன்றையும் பேசவோ நினைக்கவோ தமக்கு மனம் வரவில்லை என்று சுசன்னா கணவருக்கு எழுதினார். தாம் ஆண்மகனுமல்ல, குருவுமல்ல. ஆயினும் தம்மால் இயன்றதை இன்னும் மிகுதியாகச் செய்யலாமே என்று எண்ணி, அதனைத் தம் பிள்ளைகளிடமே தொடங்கத் துணிந்தார். ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனித்திருந்து பேசுவது என்பது ஏற்பாடு: திங்கள் மோலியோடு, செவ்வாய் ஹெட்டியோடு, புதன் நான்சியோடு, வியாழன் ஜானோடு, வெள்ளி பேட்டியோடு, சனி சார்ல்ஸோடு, ஞாயிறு எமிலியும் சூக்கியும் ஆகிய இருவரோடு. காவிரி கடலொடு கலக்கும் கரையோரத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சியின் செய்தி, லிங்கன்ஷயரின் ஒரு சதுப்பு நிலத்து வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்குத் தாயின் தனி நேரத்தை ஈட்டித் தந்தது.

அந்த வியாழக்கிழமை இரவுகளின் பயனுக்குச் சான்று தேட வேண்டுவதில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், ஆக்ஸ்பர்டில் லிங்கன் கல்லூரியின் ஆசிரியராக விளங்கிய ஜான், முன்னாளில் தமக்கென்று ஒதுக்கிய வியாழன் மாலையின் ஒரு சிறு பகுதியை இப்போதும் தமக்குத் தர வேண்டும் என்று தாய்க்கு எழுதினார். நேரம் குறித்தமைத்த பள்ளியையும் பிரம்பையும் விட, இந்தத் தனிப் பொழுதே எப்வர்த்தின் உண்மையான சாதனை என்பது எம் துணிபு.

எனினும் இக்கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பலனைத் தரவில்லை. ஆண்மக்கள் இளவயதிலேயே வெஸ்ட்மின்ஸ்டர், சார்ட்டர்ஹவுஸ் ஆகிய பள்ளிகளுக்குச் சென்று, அங்கிருந்து ஆக்ஸ்பர்டை அடைந்தனர். பெண்மக்களுக்கோ வீட்டுக்கு அப்பால் வாயில் திறக்கவில்லை. இளமையிலேயே கிரேக்கம் கற்றுக் கவிதையும் புனைந்த ஹெட்டி, தந்தையின் வற்புறுத்தலால் 1725-இல் தன் மனத்துக்கும் கல்விக்கும் சற்றும் பொருந்தாத ஒருவரை மணந்து துயருற்றாள். அறிவை அளித்த வீடு அதனைப் பயன்கொள்ள இடத்தை அளிக்காமற்போன இக்குறையை எப்வர்த்தைப் புகழ்வோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் 1852-இல் மாசசூசெட்ஸ் தொடங்கி வைத்ததை 1918-இல் மிசிசிப்பி முடித்து வைத்தது. இங்கிலாந்தில் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த சார்லட் மேசன் அம்மையார் (1842–1923) 1886-இல் வெளியிட்ட இல்லக் கல்வி என்னும் நூலில், குறுகிய பாடங்கள், உயிருள்ள நூல்கள், வாசித்ததைப் பிள்ளை தன் சொல்லால் திரும்பச் சொல்லுதல் ஆகியவற்றை வலியுறுத்தினார். அவருடைய முறை ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்கக் குடும்பங்களில் புத்துயிர் பெற்றது.

அங்கு இல்லக் கல்விக்கு வழி திறந்தவை நீதிமன்றங்களே. பிள்ளைகள் அனைவரும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்ற ஆரகன் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1925-இல் தள்ளியது. எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெற்றோரின் சமய உரிமையை 1972-இல் ஏற்றது. இதற்கிடையில் 1962, 1963-ஆம் ஆண்டுகளின் தீர்ப்புகள் அரசுப் பள்ளிகள் நடத்திய ஜெபத்தையும் வேதவாசிப்பையும் விலக்கின. மனம் கலங்கிய பல பெற்றோர், சமயப் பள்ளிகளையும் பின்னர் வீட்டையும் நாடினர். ரஷ்தூனி என்னும் கால்வினிய அறிஞர் அரசுக் கல்வியைக் கொள்கை வழியில் கடுமையாகத் தாக்கினார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையினரான ரேமண்டு மூர், டாரத்தி மூர் தம்பதியரோ, இளங்குழந்தைகளை விரைந்து பள்ளியில் சேர்ப்பது தீது என்று 1975-இல் எழுதிய நூலால் பெற்றோரின் நெஞ்சைத் தொட்டனர். 1983-இல் மைக்கேல் பாரிஸ் முதலிய வழக்கறிஞர்கள் இல்லப் பள்ளிகளின் சட்டப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். சான்றிதழ் பெற்ற ஆசிரியரே கற்பிக்க வேண்டும் என்ற மிச்சிகன் விதி சமயக் குடும்பங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1993-இல் தீர்ப்பாயிற்று. அக்காலத்துக்குள் ஐம்பது மாநிலங்களிலும் இம்முறை சட்டப்படி இடம் பெற்றுவிட்டது. ஜெர்மனியில் நிலைமை நேர்மாறு: பள்ளிக் கட்டாயத்தினின்று விலக்குக் கோரிய கிறிஸ்தவப் பெற்றோரின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இல் ஏற்க மறுத்தது.

அமெரிக்க வீட்டில் பள்ளி நடப்பது பெரும்பாலும் சமையலறை மேசையில். காலை உணவின் பாத்திரங்கள் அகற்றப்பட்டதும் தாய் வேதபாடத்தையும் சரித்திரத்தையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து உரக்க வாசிப்பார். ஆறு வயதினன் கேட்டதைப் படமாக வரைய, பன்னிரண்டு வயதினள் அதையே கட்டுரையாக எழுதுவாள். கணக்கு மட்டும் அவரவர் படிநிலைக்கு ஏற்பத் தனித்தனி. ஒருவனுக்குத் தாய் பின்னத்தை விளக்கும் நேரத்தில் மூத்தவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பிக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுப்பாள். ஜெசி வைஸ், சூசன் வைஸ் பாவர் என்னும் தாயும் மகளும் 1999-இல் வெளியிட்ட நூல், உலக சரித்திரத்தை நான்காண்டுச் சுற்றாக வகுத்தமை இத்தகைய வீடுகளுக்குப் பேருதவியாயிற்று. பல குடும்பங்கள் கூடி வாரம் ஒருநாள் விஞ்ஞானப் பரிசோதனையும் பாட்டும் கற்பிக்கும் கூட்டுறவு வகுப்புகளும் தோன்றின.

இதில் மூத்த பெண்பிள்ளையின் சுமை கவனிக்கத்தக்கது. மேரி பிரைடு 1985-இல் எழுதிய நூல், மனைவி வீட்டுக்குத் திரும்பித் தேவன் தரும் பிள்ளைகளையெல்லாம் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தியபின், பிள்ளைப்பேற்றுக்கு வரம்பிடாத குடும்பங்கள் ஒரு சாராரிடையே பெருகின; அவற்றில் மகள் தாய்க்குத் துணையாய் நிற்பதற்கும், தன் படிப்பை இழந்து தாயின் பணியையே செய்வதற்கும் இடையிலுள்ள எல்லை சில வேளைகளில் அழிந்துபோயிற்று. வீட்டில் கற்று வளர்ந்தவர்களே 2013-இல் ஒரு சங்கம் அமைத்து, பிள்ளைகளின் கல்வியையும் பாதுகாப்பையும் வெளியார் ஒருவரேனும் ஆண்டுதோறும் காண வேண்டும் என்று கோரலாயினர். நியூயார்க், பென்சில்வேனியா முதலிய மாநிலங்கள் பாடத்திட்டத்தையும் தேர்ச்சியையும் பார்வையிடுகின்றன. டெக்சாஸிலோ பெற்றோர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய கடமைகூட இல்லை. பெற்றோரின் சமய உரிமையை மதிப்பவர்களும் பிள்ளைகளுக்கான இக்கோரிக்கையைப் புறக்கணித்தல் தகாது என்றே கருதுகிறோம்.

வீட்டில் கற்பவர் தொகை 1999-இல் ஏறத்தாழ எட்டரை லட்சமாக இருந்து, 2012-இல் பதினேழு லட்சத்தைக் கடந்ததாக அமெரிக்க அரசின் மதிப்பீடுகள் கூறுகின்றன. பெருந்தொற்று ஆண்டான 2020-இல், பள்ளி வயதுப் பிள்ளைகளையுடைய குடும்பங்களில் இல்லக் கல்வியை மேற்கொண்டவை வசந்த காலத்தில் நூற்றுக்கு 5.4 ஆக இருந்து, இலையுதிர் காலத்தில் 11.1 ஆயின; கறுப்பினக் குடும்பங்களில் இவ்வுயர்வு 3.3-இலிருந்து 16.1 வரை சென்றது. புதிதாக வந்தவர்களில் பலர் சமயக் காரணத்தால் வந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் கைக்கொண்ட பாடநூல்களும் கூட்டுறவு வகுப்புகளும் சட்டப் பாதுகாப்பும் பெரும்பாலும் முந்தைய தலைமுறையின் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டாக்கி வைத்தவை.